லக்சபான வெளிச்சமும் லயத்து மீற்றரும்

(புத்தளம் கரையோரத் தோட்டக் கிளைகளின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன தவணை விடுமுறையில் நம் பிள்ளைகளை லக்சபானவுக்குக் கூட்டிப் போனோம். பஸ் செலவுக்குச் சீட்டுக் காசில் எடுத்துத் தந்தவர்கள் நீங்கள். அங்கே என்ன பார்த்தோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியது என் கடமை.

நம் பிள்ளைகள் கடலையும் தென்னையையும் பார்த்து வளர்ந்தவர்கள். அருவிக்கு இறங்கும் காட்டுப் பாதையில் முதல் அட்டை காலில் ஏறியதும் ஒரே கூச்சல். உப்பும் தேசிக்காயும் தேய்த்துக்கொண்டு நடந்தோம். 120 மீற்றருக்கும் மேலான உயரத்திலிருந்து தண்ணீர் விழுவதைக் கண்டதும் எல்லாரும் வாயடைத்துப் போனார்கள்.

பிறகு பழைய லக்சபான மின்நிலையம். நோட்டன்பிரிட்ஜ் அணையில் தேக்கிய களனி கங்கையின் கிளையாற்றுத் தண்ணீர், மலைக்குள் சுரங்கத்தால் வந்து, சரிவில் பெரிய இரும்புக் குழாய்களில் பாய்ந்து இறங்குகிறது. அந்த வேகத்தில் சக்கரம் சுழல்கிறது. சக்கரம் சுழல, கரண்ட் பிறக்கிறது. எரிக்க ஒன்றும் வேண்டாம். நம் பக்கத்து நுரைச்சோலையில் கப்பலில் வரும் நிலக்கரியை எரித்து, நீராவியால் சக்கரத்தைச் சுற்றுகிறார்கள். அங்கே 900 மெகாவாட். லக்சபான 1950இல் 25 மெகாவாட்டோடு தொடங்கி, 1958இல் 50 ஆனது.

இந்தத் திட்டத்துக்காக வாதாடியவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. ஆற்றுத் தண்ணீரில் நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இல் கணக்கோடு கட்டுரை வாசித்தார். வெள்ளைக்கார அரசாங்கம் இழுத்தடித்தது. அரச சேவையை விட்டு வந்தவர், 1931இல் அரசாங்க சபைக்கே தெரிவாகி அங்கேயும் அதையே பேசினார். விளக்கு எரிய 32 வருடம் பிடித்தது.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டது: "சேர், அப்போ முதல் கரண்ட் பக்கத்து லயத்துக்குத்தானே போயிருக்கும்?"

இல்லை தோழர்களே. கம்பி லயத்துக்கு மேலால் கொழும்புக்குப் போனது. 1948இல் நம் மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள், 1949இல் வாக்குரிமையும் போனது, 1950இல் லக்சபான எரிந்தது. வாக்கில்லாதவன் வீட்டு இருட்டைப் பற்றி யாருக்குக் கவலை? அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் மலையகத்தில் எத்தனையோ லயங்களில் மண்ணெண்ணெய் விளக்குதான்.

இன்று நமக்கு வாக்கு இருக்கிறது. ஆனால் நான் படிப்பிக்கும் பிள்ளைகள் இருக்கும் ஒரு லயத்தில், இரவில் வாசலில் நின்றால் நுரைச்சோலைப் புகைபோக்கியின் சிவப்பு விளக்கு தெரியும். உள்ளே ஆறு வீட்டுக்கு ஒரு மீற்றர். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் கூரை வழியாக வயர் போகிறது. போன மாரியில் ஈரச் சுவரைத் தொட்ட ஒரு பிள்ளையைக் கரண்ட் தூக்கி எறிந்தது. உயிர் தப்பியது கடவுள் புண்ணியம். வீட்டுக்கு வீடு மீற்றர் எடுக்க நிர்வாகத்திடம் சம்மதக் கடிதம் கேட்டு மூன்று முறை எழுதிவிட்டோம். பதில் இல்லை.

ஆகவே மூன்று காரியம் செய்வோம். ஒன்று, ஒவ்வொரு லயத்திலும் எத்தனை வீடு, எத்தனை மீற்றர், எத்தனை வருடக் குடியிருப்பு என்று எழுதித் தாருங்கள்; எழுத பள்ளிப் பிள்ளைகள் உதவுவார்கள். இரண்டு, தனித்தனியாகப் போய்க் கெஞ்ச வேண்டாம். எல்லா வீட்டுக் கையெழுத்தோடும் சங்கத்தின் பேரில் நிர்வாகத்துக்கும் கரண்ட் வழங்கும் நிறுவனத்துக்கும் ஒரே நாளில் கொடுப்போம். மூன்று, அதுவரை ஈரக் கூரையில் வயர் இழுக்காதீர்கள். ட்ரிப் சுவிட்சை யாரும் கட்டிவைக்காதீர்கள்.

விமலசுரேந்திர 32 வருடம் பொறுத்தார். நம் பிள்ளைகள் இப்போதே இரவில் படிக்க வேண்டும். நாம் அவ்வளவு காலம் பொறுக்கத் தேவையில்லை.