எண்ணுகிறவரின் அமானிதம்



வாக்கு ஓர் அமானிதம். போட்டவுடன் அது எண்ணுகிறவரின் கைக்குப் போய்விடுகிறது.

2016 சட்டமன்றத் தேர்தலில் காவிரியின் கடைமடையான காட்டுமன்னார்கோயிலில் வெற்றி, தோல்வியைப் பிரித்தவை 87 வாக்குகள். தெற்கே இராதாபுரத்திலோ 49 வாக்குகள்தாம். தபால் வாக்குகளைத் தள்ளியது முறையல்ல என்று அங்கே தோற்றவர் வழக்குத் தொடுத்தார். 2019இல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி மறு எண்ணிக்கை நடந்தது. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021இல் அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிந்துவிட்டது.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிப்பது நம் வேலையல்ல. தீராத சந்தேகம் ஒரு தொகுதியின் மீது ஐந்தாண்டுகள் நின்றதே, அதுதான் நம் கவலை.

ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று ஸூரா மாயிதாவின் 8ஆம் வசனம் எச்சரிக்கிறது. எனவே ஊராட்சித் தேர்தலோ ஜமாஅத் தேர்தலோ, தோற்றவர் மறுபடி எண்ணக் கேட்டால் அவரைக் குழப்பவாதி என்று ஏசாதீர்கள். தண்ணீர் வரவில்லை என்று கடைமடைக்காரர் முறையிட்டால், அவர் கண்முன்னே மடையைத் திறந்து காட்டுகிறோம் அல்லவா? அதுபோல் அன்றே எண்ணிக் காட்டுங்கள். கண்ட பின் தோற்றவரும் ஸலாம் சொல்லிக் கைகொடுக்கட்டும்.

தோற்றவரும் வென்றவரும் ஒரே ஸஃப்பில் மனத்தாங்கலின்றி நிற்க வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக! ஆமீன்.