பெயருக்கேற்ற ஞானப்பெயர்

(ஜூபிலி ஆயத்த நாள்களில், திருமுழுக்குக்குக் குழந்தைகளைக் கொண்டுவரும் பெற்றோருக்குப் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



குழந்தையோடு நீங்கள் ஆலய வாசலில் வந்து நிற்கையில் குரு கேட்கும் முதல் கேள்வி, இதற்கு என்ன பெயர் இடுகிறீர்கள் என்பதே. எளிய கேள்விதான். ஆயினும் அதற்குள் பல வீடுகளில் பெரிய வழக்கே நடந்து முடிந்திருக்கும்.

அண்மையில் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு நெசவாளர் குடும்பம் வந்தது. பெண் குழந்தை. மலர்விழி என்று பெயரிடத் தாய் தகப்பனுக்கு ஆசை. பாட்டியோ, தம் மாமியாரின் பெயரான சவரியம்மாளைத்தான் வைக்க வேண்டும் என்றார். தகப்பன் சமாதானமாக, "ரெண்டையும் எழுதிடுங்க சாமி. ஞானப்பெயர் பதிவேட்டோட இருக்கட்டும்" என்றார். அந்தக் கடைசி வார்த்தை என் மனத்தை உறுத்தியது.

பதிவேட்டோடு தங்கிவிடும் பெயரால் பிள்ளைக்கு என்ன பயன்? திருமண ஓலைக்காக வரும் இளைஞர்கள் சிலருக்குத் தங்கள் ஞானப்பெயரே தெரிவதில்லை. பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், நம் ஏட்டில் வேறு பெயர். தேடி எடுப்பதற்குள் உபதேசியாருக்கும் எனக்கும் அரைநாள் போய்விடுகிறது. அதைவிட வருத்தம், தன் பாதுகாவலர் யாரென்றே அறியாமல் ஒரு பிள்ளை வளர்ந்துவிட்டதே என்பதுதான்.

1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், பெற்றோர் கிறிஸ்தவப் பெயர் இட இசையாவிட்டால், அவர்கள் இட்ட பெயரோடு ஒரு புனிதரின் பெயரையும் சேர்த்து ஏட்டில் எழுதும்படி குருவுக்குக் கட்டளையிட்டது. 1983-ஆம் ஆண்டின் சட்டமோ, கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பான பெயர் வேண்டாம் என்பதோடு நிற்கிறது. எனவே மலர்விழி என்ற நல்ல தமிழ்ப் பெயருக்குத் தடையில்லை. ஞானப்பெயரை இன்று நாம் சேர்ப்பது அன்பினாலேயே. அன்பினால் சேர்ப்பதை ஆராய்ந்து சேர்க்க வேண்டாமா?

நம் முன்னோர் அப்படிச் சேர்த்தார்கள். 1745-இல் வடக்கன்குளத்தில் நீலகண்டப் பிள்ளை திருமுழுக்குப் பெற்றபோது லாசரு என்ற பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் என்றார்கள். லாசரு என்றால் கடவுள் துணைசெய்தார் என்பது பொருள். 2022-இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டதை நாம் அறிவோம். கான்ஸ்டன்டைன் என்ற தம் பெயருக்கேற்பத் தைரியநாதர் ஆனார் வீரமாமுனிவர். யோவான் நமக்கு அருளப்பரானார், பவுல் சின்னப்பரானார்.

நெசவாளருக்கு நான் கோர்வையைச் சொல்லித்தரத் தேவையில்லை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓட்டி, பக்கத்தில் ஒருவர் துணையிருக்க, இழைக்கு இழை கோத்தால்தான் கரை உடலோடு நிற்கும். வீட்டுப் பெயரும் ஞானப்பெயரும் அப்படியே. பக்கத்தில் இருக்கும் அந்தத் துணை, ஞானத்தாய் தந்தையராகிய நீங்கள்.

ஆகவே மூன்று காரியங்கள். முதலாவது, பொருளைப் பாருங்கள். தீபாவுக்கு, ஒளி எனப் பொருள்படும் லூசியா பொருந்தும். வெற்றிச்செல்வனுக்கு விக்டர் பொருந்தும். அருள் என்று வைத்து யோவானையும் சேர்த்தால் ஒன்றையே இருமுறை சொன்னதாகும். தவறில்லை, ஆனால் தெரிந்து செய்யுங்கள். இரண்டாவது, இரு பெயரையும் சேர்த்து உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். நாக்கு இடறினால் பிள்ளை பின்னாளில் ஒன்றை உதறிவிடும். மூன்றாவது, பிறப்புச் சான்றிதழிலும் ஆலய ஏட்டிலும் ஒரே விதமாக எழுதுங்கள். பிறப்புப் பதிவில் பெயர் சேர்க்க ஓராண்டு வரை கட்டணமில்லை.

மலர்விழிக்குச் சிறுமலர் தெரேசாவைச் சொன்னேன். பாட்டியின் முகம் வாடிற்று. "அம்மா, 1927-இல் பாப்பு பதினொன்றாம் பத்திநாதர், சவேரியாரோடு சேர்த்துத் தெரேசாவையும் மறைபரப்பு நாடுகளுக்குப் பாதுகாவலியாக ஏற்படுத்தினார். உங்கள் சவேரியாருக்குப் பக்கத்தில் நிற்பவள்தான் இவள்" என்றேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்போ சரி சாமி. தெரேசாவோட கதையை எனக்குச் சொல்லுங்க. பிள்ளைக்கு நான்தானே சொல்லணும்" என்றார்.

தெரேசா மலர்விழி என்று ஏட்டில் எழுதினேன். அக்டோபர் முதல் நாள் அவளுடைய நாமத் திருநாள். அன்று பாட்டி அவளைப் பூசைக்குத் தூக்கி வருவதாக வாக்களித்திருக்கிறார். உங்கள் பிள்ளைகளின் நாளையும் இன்றே நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.