அராஜகமும் நமது வாழ்க்கையும்

(முதலியார்பேட்டையில் நடந்த பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அராஜகம் என்பதாகும். இந்தச் சொல்லைக் கேட்டவுடனேயே உங்களில் சிலருக்குக் கொள்ளையும், குத்துவெட்டும், கல்வீச்சும் ஞாபகத்திற்கு வரலாம். ஊரில் ஒரு கலவரம் நடந்துவிட்டால், "அராஜகம் தலைவிரித்தாடுகிறது" என்று பத்திரிகைக்காரர்கள் எழுதுகிறார்கள். ஆனால் அந்தச் சொல்லை உடைத்துப் பார்த்தால் ராஜா இல்லாத நிலை என்பதைத் தவிர அதற்குள் வேறொன்றும் இல்லை. கிரேக்க பாஷையிலிருந்து வந்த அனார்க்கிசம் என்ற சொல்லுக்கும் ஆள்பவன் இல்லாமை என்பதே பொருள். ஆள்பவன் இல்லை என்ற சொல்லுக்குக் கலகம் என்ற அர்த்தம் எப்படி வந்தது? அர்த்தம் சொல்லும் வேலை ஆள்பவர்களிடம் இருந்ததால் வந்தது. கடவுள் இல்லை என்பவன் ஒழுக்கங் கெட்டவன் என்று புரோகிதன் சொல்லுகிறானல்லவா? ராஜா இல்லாவிட்டால் உலகம் கெட்டுப்போகும் என்று ராஜா சொல்வதும் அது போன்றதே. இருவருக்கும் அது பிழைப்பு.

இந்தக் கெட்ட பெயரை வேண்டுமென்றே எடுத்து 1840-ல் தனக்குச் சூட்டிக்கொண்டவர் பிரெஞ்சுக்காரரான புரூதோன். பிறகு ருஷியாவில் பிரபு குடும்பத்தில் பிறந்த கிரபோட்கின் தமது பிரபுப் பட்டத்தைத் துறந்தார். பிராணிகளும் மனிதர்களும் ஒருவரையொருவர் அடித்துத் தின்று மாத்திரம் பிழைக்கவில்லை, ஒருவருக்கொருவர் உதவியும் பிழைத்து வந்திருக்கின்றன என்று 1902-ல் ஒரு புத்தகமே எழுதினார். அதைப் படிக்காமலே உங்களுக்கு அது தெரியும். தெருவில் ஒரு கூரை தீப்பற்றிக்கொண்டால், யாருடைய உத்தரவுக்குக் காத்திருந்து நீங்கள் குடத்தைத் தூக்குகிறீர்கள்? போலீஸ்காரன் பயமுறுத்தியா பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சோறு போடுகிறீர்கள்? மனிதன் நல்லபடியாய் நடப்பதில் பெரும்பகுதி கட்டளையின்றியே நடக்கிறது. இதுதான் அராஜகவாதத்தின் அஸ்திவாரம்.

கொடி மாறினால் போதுமா?

தோழர்களே! ராஜா மாறுவதென்றால் என்ன என்று புதுவைக்காரர்களாகிய உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரன் ஆண்டான், இங்கிலீஷ்காரன் பிடித்தான், மறுபடியும் பிரெஞ்சுக்காரன் வந்தான். 1954 நவம்பர் 1-ல் அந்தக் கொடியும் இறங்கிற்று. அது இறங்கியது நல்லதுதான். ஆனால் அன்று இராத்திரி வீட்டுக்குப் போன மனிதன், "இன்று முதல் நம் வீட்டிலும் ஒருவரை ஒருவர் ஆள்வது ஒழிந்தது" என்று தன் மனைவியிடம் சொன்னானா? கோட்டையில் கொடி மாறிற்று, அடுப்பங்கரையில் மாறவில்லை, சேரிக்கும் ஊருக்கும் நடுவிலிருந்த கோடும் மாறவில்லை.

எஜமானன் மாறுவது வேறு, எஜமானத்தனம் ஒழிவது வேறு என்பதைத் தம் வாழ்க்கையில் அனுபவித்துக் கண்ட ஒருவர் இந்தப் புதுவை வழியாகப் போயிருக்கிறார். அவர் பெயர் எம். பி. டி. ஆச்சாரியா. 1887-ல் சென்னையில் வைதிக அய்யங்கார் குடும்பத்தில் பிறந்தவர். பாரதியார் எழுதி வந்த "இந்தியா" பத்திரிகையோடு சம்பந்தப்பட்டவர். சென்னை சர்க்காரின் அடக்குமுறையால் அப்பத்திரிகை 1908-ல் புதுவைக்கு வந்தபோது அவரும் இங்கே வந்தார். பிறகு ஐரோப்பாவுக்குப் போய், லண்டனில் துப்பாக்கி வழியை நம்பிய இளைஞர்களோடு சேர்ந்தார். ருஷியப் புரட்சிக்குப் பின் மாஸ்கோவுக்குப் போய் லெனினைக் கண்டார். 1920 அக்டோபரில் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி என்று ஒன்று அமைக்கப்பட்டபோது அதற்கு அவரே தலைவராயிருந்தார். சில மாதங்களுக்குள் எம். என். ராயோடு மாறுபட்டு அதிலிருந்து நீக்கப்பட்டார். 1922 முடிவில் பெர்லினில் உலகத்து அராஜகவாதத் தொழிற்சங்கங்கள் கூடியபோது அங்கே போய் நின்றார். 1935-ல் பம்பாய்க்குத் திரும்பி, 1954-ல் வறுமையில் இறந்தார்.

அவருடைய பாதையைக் கவனியுங்கள். வெள்ளைக்காரன் ஆட்சி போக வேண்டும் என்று துவங்கினார். அது போனாலும் உள்ளூர் எஜமானன் வருவான் என்று கண்டார். தொழிலாளி பேரால் நடக்கும் ஆட்சியைப் பார்த்தார். அங்கேயும் உத்தரவு மேலிருந்தே வருகிறது என்று கண்டார். கடைசியில், எந்த ஆட்சி நல்லது என்ற கேள்வியை விட்டு, ஏன் ஆள வேண்டும் என்ற கேள்விக்கு வந்து சேர்ந்தார். இந்நாட்டில் அவருக்குக் கோஷ்டியும் இல்லை, கூட்டமும் இல்லை.

நம் நாட்டு ராஜா எங்கே இருக்கிறான்?

ஆனால் நாம் ஒன்று சொல்ல வேண்டும். மேல்நாட்டு அராஜகவாதிகள் சர்க்காரையே முதல் சத்துருவாக வைத்துப் பேசினார்கள். நம் நாட்டில் சர்க்காரை இன்றைக்கே எடுத்துவிட்டால் நாளைக்கு யார் வந்து அந்த நாற்காலியில் உட்காருவான்? ஜாதிப் பஞ்சாயத்துக்காரன் உட்காருவான். நம் கிராமங்களை ராஜாக்கள் எட்டிப் பார்த்ததே அபூர்வம். கிராமம் தன்னைத் தானே நடத்திக்கொண்டது என்று அதைச் சிலர் புகழ்ந்து எழுதுகிறார்கள். எப்படி நடத்திக்கொண்டது? இன்னார் இந்தத் தெருவில் செருப்புப் போடக் கூடாது, இன்னார் இந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது, மீறினால் தள்ளி வைப்பு, நெருப்பும் தண்ணீரும் கொடுக்காதே என்று நடத்திக்கொண்டது. ராஜா இல்லாத அந்த ஊரில் ஒவ்வொருவனும் தனக்குக் கீழே உள்ளவனுக்கு ராஜாவாக இருந்தான். கீழே ஆளே இல்லாதவனுக்கும் வீட்டில் மனைவி இருந்தாள்.

ஆகவே, நம் நாட்டில் அராஜகம் கோட்டையில் துவங்குவதற்கு முன்னால் வீட்டில் துவங்க வேண்டும். என்னை எவனும் ஆளக்கூடாது என்பது அராஜகத்தில் பாதிதான். அதை ஜமீன்தாரும் சொல்லுவான், மிட்டாதாரும் சொல்லுவான். நான் எவரையும் ஆளமாட்டேன் என்பது மற்றொரு பாதி. அந்தப் பாதிதான் கஷ்டம்.

காலில் ஒரு ஜோடு

இந்த வழியில் தனி மனிதன் ஒருவனால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். உங்கள் ஊர் சரித்திரமே பதில் சொல்லுகிறது. 1873-ல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீல் இந்தப் புதுவைக் கோர்ட்டுக்குள் ஐரோப்பியரைப் போல் காலில் ஜோடு போட்டுக்கொண்டு போனார். சுதேசிக்கு அந்த ஜோடு கூடாது என்று தடுத்தார்கள். அவர் ஜோட்டைக் கழற்றவில்லை. பாரிசிலிருந்த மேல்கோர்ட்டு வரைக்கும் போய் ஜெயித்தார். 1881 செப்டம்பரில் பிரெஞ்சு சர்க்கார் ஒரு உத்தரவு போட்டது. ஜாதி மத வழக்கச் சட்டத்தை வேண்டாமென்று எழுதிக்கொடுப்பவர்கள் பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வரலாம், புதுக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்றது. பொன்னுத்தம்பி முன்வந்து எழுதிக்கொடுத்து, லப்போர்த் என்று பெயர் வைத்துக்கொண்டார். அதற்குப் பிரெஞ்சு பாஷையில் கதவு என்று அர்த்தம்.

ஒரு எஜமானனின் வழக்கத்தை விட்டு இன்னொரு எஜமானனின் சட்டத்திற்குள் போனாரே, இது அராஜகமா என்று கேட்டால், முழுவதும் அல்லதான். ஆனால் பிறவியில் ஒட்டிய பெயரை மனிதன் தன் கையாலேயே எடுத்துப் போடலாம் என்பதை அந்தக் காரியம் காட்டிற்று. 1929-ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாட்டில் ஜாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தபோது, அநேகர் எந்தச் சர்க்காரையும் கேட்காமல், எந்த மனுவும் போடாமல் பெயரின் வாலைக் கத்தரித்துக்கொண்டார்கள். நாம் நிற்கும் இந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு பட்டம் இருக்கிறது. ஊரின் பெயரை மாற்ற சர்க்கார் வேண்டும். உங்கள் பெயரை மாற்ற யார் வேண்டும்?

சட்டம் வேண்டுமா, வேண்டாமா?

கலியாண விஷயம் இதைவிடப் பெரிது. 1928-ல் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தத்தில் புரோகிதனில்லாமல் கலியாணம் நடந்தது. பிறகு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் நடந்தன. அவைகளைச் சட்டம் ஒப்புக்கொள்ளவில்லை. சட்டம் வரட்டும், பிறகு செய்துகொள்ளலாம் என்று அவர்கள் காத்திருந்தார்களா? இல்லை. நாங்கள் இருவரும் சம்மதித்தோம், நடுவில் நீ யார் என்று மந்திரத்தையும் சர்க்காரையும் ஒருங்கே கேட்டார்கள். இதற்கு அராஜகம் என்று அவர்கள் பெயர் வைக்கவில்லை. ஆனால் காரியம் அதுதான்.

அந்தத் தைரியத்திற்கு விலை கொடுத்தது யார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1953-ல் சென்னை ஹைக்கோர்ட்டு, சடங்கில்லாத அப்படிப்பட்ட கலியாணம் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. செல்லாது என்றால் என்ன? புருஷன் செத்தால் மனைவிக்குச் சொத்துரிமை ஆட்டங்காணும். பிள்ளைகளின் பிறப்பைக் குறை சொல்வார்கள். சுதந்திரமாக நடந்த பெருமை இருவருக்கும்; கஷ்டம் பெரிதும் பெண்ணுக்கு. 1967-ல் அண்ணாத்துரை அவர்களின் மந்திரிசபை சட்டம் செய்து, முன்னே நடந்த கலியாணங்களையும் சேர்த்துச் செல்லும் என்றாக்கிய பிறகே அந்தப் பயம் தீர்ந்தது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு, வயது வந்த இருவர் சம்மதித்துச் செய்துகொள்ளும் கலியாணத்தில் ஜாதிப் பஞ்சாயத்து தலையிடுவது சட்ட விரோதம் என்றது. 2023-ல் அதே கோர்ட்டு, சுயமரியாதைக் கலியாணத்திற்கு ஊரைக் கூட்டி அறிவிக்கத் தேவையில்லை என்றும் சொல்லிற்று. வீட்டை விட்டு உயிருக்குப் பயந்து ஓடிவந்த பெண்ணுக்கு ஊரைக் கூட்டு என்று சொல்வது, துரத்துகிறவனைக் கூப்பிடு என்று சொல்வதல்லவா?

ஆகவே சட்டத்தைப் பற்றி நமது அபிப்பிராயம் இதுதான். முடவனுக்குக் கோல் வேண்டும். வீட்டு ராஜாவும் ஜாதி ராஜாவும் அடிக்கும்வரை, அடிபடுகிறவள் கோலை ஏன் தூக்கி எறிய வேண்டும்? ஆனால் கோல் வந்த பிறகு நடக்கலாம் என்று உட்கார்ந்திருந்தவர்களால் எந்தச் சட்டமும் வந்ததில்லை. முதலில் நடந்தார்கள், சட்டம் பின்னால் வந்தது.

தனியாகச் சுதந்திரம் உண்டா?

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. நான் என் இஷ்டப்படி இருப்பேன், பிறர் எப்படிப் போனால் என்ன என்பதே சுதந்திரம் என்று சிலர் நினைக்கிறார்கள். தோழர்களே! பொழுது விடிந்து பொழுது போகும்வரை ஆலையில் நிற்பவனுக்கு இஷ்டம் ஏது? 1936 ஜூலை 30-ல் புதுவை சவானா ஆலைத் தொழிலாளிகள் மீது பிரெஞ்சுப் போலீசு சுட்டதில் 12 பேர் செத்தார்கள். சங்கம் வேண்டும், வேலை நேரம் குறைய வேண்டும் என்பவைதான் அவர்கள் கேட்டவை. அடுத்த வருஷம், 1937-ல், எட்டு மணி நேர வேலை என்ற சட்டம் வந்தது. ஒரு மனிதன் மாலையில் வீடு திரும்பி, பத்திரிகை படித்து, இப்படி ஒரு கூட்டத்திற்கு வந்து உட்கார நேரம் கிடைத்ததென்றால், அது அவன் ஒருவனுடைய வீரத்தால் கிடைத்ததல்ல. பலர் ஒருவரையொருவர் நம்பி நின்றதால் கிடைத்தது. இந்த முதலியார்பேட்டையில் ரோடியர் மில் என்று நீங்கள் சொல்லும் ஆலையே இன்று மூடிக் கிடக்கிறது. மில் போனாலும் அந்தப் பாடம் போகக்கூடாது. எஜமானன் இல்லாமல் வாழ வேண்டுமானால் கூட்டாளிகள் வேண்டும்.

என்ன செய்யலாம்?

வாழ்க்கையில் இதை எங்கே துவங்குவது? இன்றிரவே துவங்கலாம். வீட்டில் வரும் பணத்தின் கணக்கு மனைவிக்குத் தெரியுமா என்று பாருங்கள். தெரியாதென்றால் அந்த வீட்டில் ஒரு கஜானாவும் ஒரு ராஜாவும் இருக்கிறார்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது அவளைக் கேட்டோமா, அல்லது அவளுக்கு அறிவித்தோமா என்று பாருங்கள். பிள்ளை ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லுகிறோமா, கையை ஓங்குகிறோமா என்று பாருங்கள். ஊர் மெச்சக் கடன் வாங்கிக் காது குத்துக்கும் கருமாதிக்கும் செலவு செய்கிறவன், வட்டிக்காரனைத் தானே கூப்பிட்டுத் தன் தலைமேல் முடி சூட்டிக்கொள்ளுகிறான். அந்தக் கடனை வாங்காதிருப்பதும் ஒரு ராஜாவை ஒழிப்பதுதான். எச்சில் இலையை எடுப்பது இன்னார் வேலை, சாக்கடை அள்ளுவது இன்னார் வேலை என்று எண்ணாமல், தன் அழுக்கைத் தானே எடுக்கப் பழகுங்கள்.

இவைகள் சின்னக் காரியங்கள் என்று சொல்லுவீர்கள். சின்னதானால் ஏன் இத்தனை காலமாய்ச் செய்யவில்லை? சர்க்காரை எதிர்த்து ஜெயிலுக்குப் போனவர்கள் இந்நாட்டில் ஆயிரம் ஆயிரம் பேர். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிய ஆண்பிள்ளைகள் எத்தனை பேர்?

கடைசியாக ஒன்று. மேடையில் நிற்பவனும் ஒரு சின்ன ராஜாதான். கை தட்டுவது அவனுக்குக் கொடுக்கும் கப்பம். ஆகையால் நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். இங்கே கேள்வி கேட்க நேரம் விட்டிருக்கிறது, கேளுங்கள். முக்கியமாய்த் தாய்மார்கள் கேட்க வேண்டும். ஏனெனில் இவ்வளவு நேரம் நாம் பேசிய ராஜாவை இக்கூட்டத்தில் எல்லாரையும்விட நன்றாய் அறிந்தவர்கள் அவர்கள்தான்.