முதுகு நோவும் இயன்முறை மருத்துவமும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யாம் மருத்துவரல்லேம்; பள்ளியில் தமிழ் கற்பிக்கும் தொழிலுடையேம். எனினும் முதுகு, கழுத்து, மூட்டு நோவுகளைப் பற்றிப் பேசத் துணிந்தமைக்குக் காரணம், எம் இல்லத்தில் எம் அறியாமையால் நேர்ந்த ஓரிழப்பேயாம்.

எம் தமையனார் முப்பது ஆண்டு குழித்தறியில் நெய்தவர். குழியிற் கால்களை இறக்கி, மிதியை மிதித்து, நாடாவை ஓட்டி, அறுந்த இழையைக் கழுத்து வளையக் குனிந்து பிணைப்பதிலேயே அவர்தம் நாள் கழியும். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் இடுப்புப் பிடித்துக்கொண்டது; நோவு வலக்காலிலும் இறங்கியது. "அசையாமற் படுத்திருங்கள், அண்ணா" என்று கூறியவர் யாமே. நான்கு மாதம் கிடந்தார். நோவு நீங்கிற்றில்லை, தொடை மெலிந்தது, எழுந்து நிற்றற்கே அஞ்சினார். அவ்வாண்டு ஐப்பசியில் தறியைப் பிரித்து விற்றோம்.

யாம் கூறியது தவறென்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. பின்லாந்து நாட்டு எல்சிங்கி நகரில், புதிதாக இடுப்பு நோவு கண்ட நகரசபை ஊழியர் 186 பேரை மூன்று பிரிவாக்கி ஆராய்ந்து, 1995-இல் முடிபை வெளியிட்டனர். ஒரு சாரார் இரண்டு நாள் படுத்திருந்தனர். ஒரு சாரார் முதுகுப் பயிற்சி செய்தனர். ஏனையோர் நோவு பொறுக்குமளவில் அன்றாட வேலைகளையே செய்துவந்தனர். நன்கு தேறியோர் இம்மூன்றாம் சாராரே. படுத்தவரோ எல்லார்க்கும் பிந்தினர். இரண்டு நாட் படுக்கைக்கே இவ்விளைவெனின், நான்கு மாதத்திற்கு யாது சொல்வது!

அங்ஙனமாயின் பயிற்சி வேண்டாவோ எனின், அற்றன்று. முதல் நாட்களுக்கு உரியது வேறு. மூன்று மாதங் கடந்து நிலைத்த நோவிற்கு உரியது வேறு. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட நெறிமுறை, நாட்பட்ட இடுப்பு நோவிற்குப் பயிற்சியைப் பரிந்துரைக்கின்றது. இடுப்புப் பட்டை, இழுவை, அல்ட்ராசவுண்ட், மின்தூண்டல் என்பவற்றை வழக்கமாகக் கையாளவேண்டா என்கின்றது. நம்மவரோ பட்டைக்கும் இயந்திரத்திற்கும் பொருளீந்து, பயிற்சியை வீண்வேலையென்று வீட்டிற்கு வந்தவுடன் மறந்துவிடுகின்றனர்.

பின்னர்த் தமையனாரை அரசு மருத்துவமனை ஒன்றின் இயன்முறை மருத்துவப் பகுதிக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த இளம் பெண்மணியார் இயந்திரம் எதனையும் நாடவில்லை. குனியச் செய்தும், பின்வளையச் செய்தும், காலை உயர்த்தியும் நெடுநேரம் ஆராய்ந்தார். பின், நாற்காலியினின்று கையூன்றாமல் எழுந்தமர்தல் ஐந்து முறை. வாரந்தோறும் சிறிது கூட்டுதல். நாளும் சிறு நடை. இவையே அவர் விதித்தவை. "நோவு சற்று எழுந்து அன்றே அடங்கினால் அஞ்சவேண்டா, மறுநாளும் மிகுந்திருந்தால் அளவைக் குறையுங்கள்" என்றார். மூன்றாம் மாதத்தில் தமையனார் கோயிலை வலம் வந்தார். நோவு முற்றும் ஒழிந்ததென்று சொல்லோம், அச்சம் ஒழிந்தது.

ஈண்டு ஒரு சொல்லைப் பற்றியும் கூறல் வேண்டும். முழங்கால் நோவை 'மூட்டுத் தேய்மானம்' என்கின்றோம். கேட்ட அளவிலே, செருப்புப் போல நடக்க நடக்கத் தேயுமென்று கருதி, நம் பெண்டிர் நடப்பதையே விட்டுவிடுகின்றனர். மூட்டின் குருத்தெலும்பு உயிருள்ள பொருள். அதற்குக் குருதிக் குழாய் இல்லை. மூட்டு அசையுங்கால் அங்குள்ள நீரிலிருந்தே ஊட்டம் பெறுகின்றது. தொடைத்தசை வலிமையுறின் மூட்டு நோவு குறையும். அச்சொல்லை வழங்காதொழிதல் நன்று.

எனினும் சிறுநீர் கழிக்க இயலாமை, தொடையிடுக்கில் மரமரப்பு, கை கால் வலிமை நாளுக்கு நாள் குன்றுதல், காய்ச்சல், விழுந்தபின் எழுந்த கடுநோவு ஆகியவற்றுள் ஒன்று காணினும், பயிற்சியென்று காலந் தாழ்த்தாது அன்றே மருத்துவமனைக்குச் செல்க. சிறுநீர் தடைப்பட்டதாயின் இரவென்றும் பாரற்க.

எம் தமையனார் இக்கூடத்தின் பின்வரிசையில் அமர்ந்துள்ளார். அரை மணிக்கொருகால் எழுந்து நிற்பது அவர் வழக்கம். எம் பேச்சுப் பிடியாமல் எழுந்தனரென்று அன்பர்கள் கருதவேண்டா.