அடைத்த கதவும் உப்பு வண்டிகளும்



செல்வர் மனையும் வறியோர் மனையும் ஒன்றையொன்று எவ்வளவு அறிந்திருந்தன என்று சங்கப் பாடல்களிடம் கேட்டுப் பார்க்க விரும்புகிறேன். புரவலர்தம் கொடைச் சிறப்பை மேடைகளில் நிறையவே பேசியாயிற்று. இன்று அதை விட்டுவிடலாம்.

ஓய்மானாட்டு நல்லியக்கோடன்மீது நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் ஒரு வறியவனின் அடுக்களை வருகிறது. கூரைக் கழிகள் சரிந்த பழஞ்சுவரைச் செல் அரித்திருக்கிறது. அரித்த புழுதியில் காளான் பூத்திருக்கிறது. அண்மையில் ஈன்ற நாய், கண் திறவாத குட்டிகள் வற்றிய மடியில் வாய்வைக்கப் பொறாமல் குரைக்கிறது. குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைக்கிறாள் மனைவி. அறிவிலார் கண்ணில் படுவதற்கு நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள்.

அவள் நாணி அடைத்த கதவை மன்னன் அவையில் திறந்து காட்டலாமா? கவிதை எழுதுவோர் அனைவரும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். நத்தத்தனார் அக்காட்சியைத் தம் கூற்றாகச் சொல்லவில்லை. அப்பசியை உடனிருந்து பட்ட ஒருவன் வாயிலாகவே சொல்கிறார். திறக்கும் உரிமை அவனுக்கு உண்டு. ஆயினும் நல்லியக்கோடன் அவ்வடுக்களைக்கு வந்ததில்லை. அதை அவன் செவியால்தான் அறிந்தான்.

வறியோர் செல்வர் மனையைக் கண்ணால் கண்டனர். ஈரும் பேனும் மொய்த்த கந்தலோடு வந்த பொருநனுக்குப் புத்தாடை தந்து, பல நாள் ஊனும் சோறும் ஊட்டிய கரிகாலனின் விருந்தை முடத்தாமக்கண்ணியார் பாடுகிறார். ஆனால் விருந்தோடு அவர்கள் பார்வை நின்றுவிடவில்லை. வையாவிக் கோப்பெரும்பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்திருந்தபோது, அவள் அழுகையைக் கேட்டவர்கள் பரிசிலர்களே. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வர் அதற்காகப் பாடிய ஐந்து பாடல்கள் புறநானூற்றில் உள்ளன (143–147). பசித்து வரவில்லை, அவள் துயர் தீர்ப்பதே நாங்கள் வேண்டும் பரிசில் என்கிறார் பரணர். அப்பெரிய மனைக்குள்ளும் ஒரு வறுமை இருந்ததை இரக்க வந்தவர் கண்டுகொண்டனர்.

செல்வர் வீட்டுப் பிள்ளைகள் வறிய வாழ்வுக்கு வந்ததைப் பாடியவரும் கபிலர்தான். பறம்பு வீழ்ந்து பாரி மடிந்தபின் அவன் மகளிர் இருந்த இடத்தை 116ஆம் பாட்டில் காட்டுகிறார். முள்வேலி, பஞ்சு பரந்த முற்றம், சிறு வீடு, சுரைக்கொடி படர்ந்த குப்பைமேடு. அம்மேட்டில் ஏறி, உமணர் ஓட்டிச் செல்லும் உப்பு வண்டிகளை அப்பெண்கள் எண்ணுகிறார்கள். தந்தையின் மலையில் இருந்த நாளில் எண்ணப்பட்டவை, படையெடுத்து வந்த வேந்தரின் குதிரைகள்.

நம் கவிதைகளில் குடிசை வராத கவிதை குறைவு. அக்குடிசைகளில் நாயும் இல்லை, கீரையும் இல்லை. ஏழ்மை என்ற சொல் மட்டும் குடியிருக்கிறது. (இங்குள்ளோர் பொறுத்தருள்க.) அக்குப்பைமேட்டை நாம் பாடியிருந்தால் கண்ணீரைத்தான் முதலில் எழுதியிருப்போம். கபிலர் தம் நெஞ்சு நோவதை மட்டுமே சொல்கிறார். அவர் பாட்டில் அப்பெண்கள் அழவில்லை, வண்டிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.