சுவரடுப்பைப் பேணும் முறை

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



சாலை, குளம், குடிநீர், பள்ளிக்கூடம் என்று பேசிப் பழகிய இம்மன்றத்தில் இன்று நாம் அடுப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அடுப்பு வீட்டுப் பெண்டிரின் காரியமாயிற்றே, அதற்கும் பஞ்சாயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். கோடைக் காற்றில் ஒரு கூரை வீடு பற்றிக்கொண்டால் அத்தெருவில் எத்தனை வீடுகள் மிஞ்சும் என்பதைக் கண்ணால் கண்டவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள். 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புத் திருத்தமும், பதினோராவது அட்டவணையில், எரிபொருளையும் தீவனத்தையும் பஞ்சாயத்துகளுக்கு உரிய பொருள்களுள் ஒன்றாகவே வைத்திருக்கிறது.

நாம் இங்கே குறிப்பது, சமையலறைச் சுவரோடு சேர்த்து மண்ணாலோ செங்கல்லாலோ கட்டி, சுவரை ஒட்டிப் புகைபோக்கி ஏற்றிய விறகடுப்பை. புகையில்லா அடுப்பு என்று அதற்குப் பெயர். எரிவாயு வீடுதோறும் வந்துவிட்ட காலத்தில் விறகடுப்பைப் பற்றிய பேச்சு எதற்கு என்று கேட்பீர்கள். 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தினால் நாடு முழுவதும் கோடிக்கணக்கான ஏழைக் குடும்பங்கள் எரிவாயு இணைப்புப் பெற்றன என்பது உண்மை. ஆயினும் உருளை இருக்கும் வீட்டிலும் குளிக்க வெந்நீர் வைக்கவும், நெல் அவிக்கவும், மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சவும், விசேஷ நாளில் பெரிய அண்டா ஏற்றவும் விறகே எரிகிறது. ஓர் உருளை தீர்ந்து மறு உருளைக்குப் பணம் சேரும்வரை முழுச் சமையலும் விறகிலேயே நடக்கும் வீடுகளும் உண்டு. ஆகவே விறகு எரியும் வரையில் அதை எரிக்கும் முறையை நாம் அறிந்திருக்க வேண்டும்.

விறகுப் புகையின் கேட்டைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. வீட்டுக்குள் எழும் புகையினால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 32 இலட்சம் பேர் இறந்தனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களுள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். அடுப்பங்கரையில் தாயின் இடுப்பில் இருக்கும் பிள்ளை, தாய் உட்கொள்ளும் புகையையே தானும் உட்கொள்கிறது. தாய்மார்களுக்கு நெடுநாள் இருமலும், இழுப்பும், கண்புரையும் இதனால் வருகின்றன.

புகையை வீட்டுக்கு வெளியே அனுப்ப வேண்டும் என்னும் எண்ணம் நம் நாட்டில் புதியதன்று. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா அவர்கள் நடத்திவந்த அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் வார்தாவில் மகன்வாடி என்னும் இடத்தில் இருந்தது. அங்கே 1947-இல் உருவான அடுப்பு மகன் சூலா எனப் பெயர் பெற்றது. (மகன் என்றால் இங்கே புதல்வன் அன்று, மகன்லால் காந்தியின் நினைவாக அவ்விடத்துக்கு இட்ட பெயர் அது.) ஹைதராபாத்தில் எஸ். பி. ராஜு என்னும் பொறியியலறிஞர் இன்னொரு வகை அடுப்பை வகுத்து, அதனை விளக்கும் நூலை 1953-இல் சென்னையில் வெளியிட்டார். பிறகு 1980-களில் மத்திய அரசு தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2002-இல் அது முடிவதற்குள் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் வழங்கப்பட்டன.

அவ்வளவு அடுப்புகளும் என்னவாயின? ஒடிசாவில் புகைபோக்கி அடுப்பு பெற்ற வீடுகளைச் சுமார் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, ரெமா ஹன்னா, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் என்னும் மூன்று பொருளியலறிஞர்கள் எழுதிய ஆய்வு 2016-இல் அச்சேறியது. முதல் ஆண்டில் பெண்கள் உட்கொண்ட புகை குறைந்தது. அதன்பின் அடுப்பு இருந்த வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் வேற்றுமை காணப்படவில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. வெடிப்பைப் பூசுவோர் இல்லை, புகைபோக்கியைத் துடைப்போர் இல்லை, நாளடைவில் பயன்படுத்துவோரும் குறைந்துபோயினர்.

இதனை நாமும் கண்டிருக்கிறோம். ஓர் ஊரில் ஒரே தெருவில் நான்கு வீடுகளுக்குச் சென்றோம். முதல் வீட்டில் புகைபோக்கிக் குழாயைப் பிடுங்கிக் கொல்லையில் துணி உலர்த்தும் கம்பமாக நட்டிருந்தார்கள். இரண்டாம் வீட்டில் குழாயின் மேல்வாய்க்குத் தொப்பி வைக்கப்படவில்லை. மழைநீர் அடுப்புக்குள் இறங்கியதால் பழந்துணியைத் திணித்து அடைத்துவிட்டார்கள். மூன்றாம் வீட்டில் அடுப்பு நன்றாகவே இருந்தது. ஆனால் அடுப்புக் கண்ணின் மேல் பழைய வழக்கப்படி மூன்று குமிழ்களை மண்ணால் வைத்துவிட்டார்கள். நான்காம் வீட்டு மூதாட்டியார், “ஐயா, புகை வெளியே போய்விட்டால் கூரையில் பூச்சி விழுகிறது, ஓலை சீக்கிரம் மக்குகிறது. வேண்டாம் என்று விட்டுவிட்டோம்” என்றார். அவர் கூறியது பொய்யன்று. புகை படிந்த கீற்றில் பூச்சி எளிதில் சேராது. கீற்றை மாற்றி வேய்ந்துகொள்ளலாம், பேரப்பிள்ளையின் மார்பை என்ன செய்வது என்று கேட்டோம். அவர் மறுமொழி கூறவில்லை. நாம் கூறியதை ஏற்றுக்கொண்டார் என்றும் சொல்வதற்கில்லை.

நான்கு வீட்டாரும் அறியாமையினால் அப்படிச் செய்தவர்கள் அல்லர். அடுப்பைக் கட்டிய கொத்தனார், அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்லாமல் போய்விட்டார். அதைத்தான் இப்பொழுது சொல்ல விரும்புகிறோம்.

சூடேறிய காற்று இலேசாகி மேலே ஏறும். புகைபோக்கி அக்காற்றை வழிப்படுத்துகிறது. மேலே செல்லும் காற்று, அடுப்பு வாய் வழியாகப் புதுக் காற்றை உள்ளே இழுக்கிறது. ஊதுகுழலுக்கு வேலை குறைவதும் இதனாலேயே. இந்த இழுப்பு நிலைக்க வேண்டுமானால் அடுப்பு வாயைத் தவிர வேறு எவ்வழியாகவும் காற்று புகலாகாது. நம் பழைய அடுப்பில் பாத்திரத்துக்கும் அடுப்புக்கும் நடுவே சந்து வேண்டும். அதற்காகவே குமிழ் வைத்தோம். இந்த அடுப்பிலோ பாத்திரம் கண்ணில் பொருந்தி அமர வேண்டும். குமிழ் வைத்தால் இழுப்பு கெட்டுப் புகை அறைக்குள் பரவும். கொடியடுப்பில் பாத்திரம் இல்லாத வேளையில் அதன் கண்ணை மண் மூடியாலோ இரும்புத் தகட்டாலோ மூடி வைப்பதும் இதே காரணத்துக்காக. வீட்டுப் பாத்திரங்களின் அளவைப் பார்த்த பிறகே கண்களை அமைக்கச் சொல்லுங்கள். வாங்கிய அடுப்புக்கு ஏற்பப் பாத்திரம் தேடுவது நடக்கிற காரியம் அன்று.

புதிதாகக் கட்டிய மண் அடுப்பை உடனே மூட்டிவிடலாகாது. இரண்டு வாரமாவது நிழலில் உலரவிட்டு, பிறகு சில நாள் சுள்ளிகளை இட்டுச் சிறு தீயாக எரித்துச் சூட்டுக்குப் பழக்க வேண்டும். ஈரம் உள்ளே இருக்கப் பெருந்தீ மூட்டினால் முதல் நாளே வெடிக்கும். பின்னர் ஏற்படும் சிறு வெடிப்புகளை வாரந்தோறும் மெழுகும்போதே பார்த்து, அவ்விடத்தை நனைத்து, களிமண்ணும் மணலும் உமியும் சாணமும் கலந்த சேற்றைத் திணித்துப் பூச வேண்டும். சிமென்டு பூசினால் உறுதியாக இருக்கும் என்று சிலர் எண்ணுகிறார்கள். தீ படும் இடத்தில் சிமென்டு நில்லாது. பெயர்ந்து வரும்போது பழைய மண்ணையும் சேர்த்துப் பெயர்த்துவிடும்.

இனி, புகைபோக்கி. எல்லாவற்றிலும் இதுவே முக்கியம், இதையே நாம் மறக்கிறோம். நான்கு அங்குல விட்டமுள்ள குழாயின் உட்புறம் சுற்றிலும் அரை அங்குலக் கனத்துக்குப் புகைக்கரி படிந்தால் மிஞ்சும் வழி மூன்று அங்குலம். கால் பங்குதானே குறைந்தது என்று தோன்றும். கணக்கிட்டுப் பாருங்கள்: புகை செல்லும் பரப்பில் ஏறக்குறைய பாதி அடைபட்டிருக்கும். ஈர விறகை எரிக்கும் வீட்டில் இது இன்னும் விரைவாக நேரும். பச்சை மரத்தின் எடையில் பாதியளவுக்குக்கூட நீர் இருக்கக்கூடும். அந்நீரை ஆவியாக்குவதிலேயே சூடு செலவாகி, எரியாத புகை தாராகக் குழாயில் ஒட்டிக்கொள்கிறது. சீமைக் கருவேலோ சவுக்கோ எதுவாயினும், சில மாதம் வெயிலில் காய்ந்த பிறகு, சிறு துண்டுகளாகப் பிளந்து எரிப்பதே முறை. ஒரு முழ நீள விறகு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தீ அதன்வழியே தரைக்கு நடந்து வரும்.

நாள்தோறும் எரியும் அடுப்பின் குழாயை மாதம் ஒருமுறையாவது துடைக்க வேண்டும். அடுப்பு முற்றும் ஆறிய காலையில், நீண்ட மூங்கிலின் நுனியில் தென்னந் துடைப்பத்தையோ சாக்குத் துணியையோ கட்டி, மேலிருந்து கீழாக இழுத்தால் போதும். குழாயின் அடியில் கரி விழுந்து சேரும் இடத்தில் ஒரு சிறு கதவு வைத்துக் கட்டச் சொல்லுங்கள். இல்லையேல் துடைத்த கரி குழாய்க்குள்ளேயே தங்கிவிடும். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாய் உடைந்திருந்தால் அதை உலர்ந்தபடி அறுக்கவோ நொறுக்கவோ கூடாது. அத்தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு. நனைத்து முழுதாக எடுத்துவிட்டு, சுட்ட மண் குழாயையோ தகரக் குழாயையோ பொருத்துங்கள்.

துடைக்காத குழாயில் புகை மட்டும் தங்குவதில்லை. படிந்த கரி ஒருநாள் தானே பற்றி எரியும். குழாய்க்குள் பெருங்காற்று அடிப்பதைப்போல் இரைச்சல் கேட்கும். மேலே பொறி பறக்கும். ஓலைக் கூரையானால் அப்பொறி ஒன்றே போதும். அவ்வேளையில் குழாய்க்குள் தண்ணீர் ஊற்றாதீர்கள். சூட்டில் குழாய் வெடித்துவிடும். எல்லாரையும் வெளியேற்றித் தீயணைப்பு நிலையத்துக்கு 101-இல் சொல்லுங்கள். நெருங்கக் கூடுமாயின் நனைத்த சாக்கால் அடுப்பு வாயை மூடிக் காற்றை நிறுத்தி, கூரையை வெளியிலிருந்து நனையுங்கள். குழாயின் மேல்முனை கூரை முகட்டுக்கு மேலே இரண்டடியாவது உயர்ந்திருக்க வேண்டும். தலையில் தொப்பி வேண்டும். கூரையைத் துளைத்துச் செல்லும் இடத்தில் கீற்று குழாயைத் தொடாமல் சுற்றிலும் தகடு வேண்டும்.

சாம்பலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் அறிந்த ஒரு வீட்டில் மாலையில் அள்ளிய சாம்பலைச் சாக்கில் இட்டு வைக்கோற்போரின் ஓரத்தில் வைத்தார்கள். நடு இரவில் போர் எரிந்தது. கட்டியிருந்த கறவை மாடும் கன்றும் தப்பவில்லை. மேலே வெண்ணீறாகத் தோன்றினாலும் உள்ளே கங்கு ஒரு நாள் முழுதும் உயிரோடிருக்கும். மண் பானையிலோ இரும்புச் சட்டியிலோ அள்ளி, மூடி, வீட்டுக்கு வெளியே வையுங்கள். மறுநாள் எருக்குழிக்குக் கொண்டுபோகலாம். குளிருக்காகத் தணற்சட்டியை மூடிய அறைக்குள் வைத்துப் படுப்பதும் உயிருக்கு ஆபத்து. தணலிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்கியவர் தூக்கத்திலேயே இறந்துபோவார். பிள்ளை பெற்ற தாயின் அறையில் இதை ஒருபோதும் செய்யலாகாது.

மண்ணெண்ணெயை விறகில் ஊற்றும் வழக்கத்தையும், நைலான் சேலையின் முந்தானையைத் தொங்கவிட்டு அடுப்பின்முன் நிற்பதையும் தாய்மார்கள் கைவிட வேண்டும். அத்துணி எரிவதோடு நில்லாமல் உருகித் தோலில் ஒட்டிக்கொள்கிறது. தீப்புண் பட்டால் மையும் பற்பசையும் மாவும் தடவாமல், இருபது நிமிடம் குளிர்ந்த நீரை ஓடவிட்டு, பிறகு 108 வண்டியை அழையுங்கள்.

பஞ்சாயத்து உறுப்பினர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். தனி ஒரு வீட்டார் பத்தடி மூங்கில் துடைப்பம் வைத்துக்கொள்வது அரிது. வயதான தாய்மார்கள் கூரை ஏறவும் இயலாது. அத்தகைய துடைப்பங்கள் இரண்டையும் ஏணி ஒன்றையும் பஞ்சாயத்து அலுவலகத்தில் வாங்கி வையுங்கள். ஊரில் கொத்து வேலை தெரிந்த இளைஞர் இருவருக்கு இவ்வேலையைக் கற்பித்து, வீட்டுக்கு இவ்வளவு என்று கூலியையும் கிராம சபையிலேயே பேசி முடிவு செய்யுங்கள். அக்டோபர் 2-ஆம் நாள் கூடும் சபை இதற்கு ஏற்ற வேளை. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஈர விறகு வந்துவிடும், கூரைமேல் ஏறவும் முடியாது. ஊரிலுள்ள சுவரடுப்புகள் எத்தனை, அவற்றுள் தொப்பியில்லாத குழாய்கள் எத்தனை என்று அச்சபைக்கு முன்பே ஒருமுறை தெருத்தெருவாகச் சென்று எண்ணி வாருங்கள். அந்தக் கணக்கோடு வந்தால் அடுத்த முகாமில் தகடு, குழாய் முதலியவற்றுக்கு ஆகும் செலவைப் பற்றிப் பேசலாம்.