புறக்கடைக் குளத்துப் பாசி

(குளச்சல் வட்டார ஊராட்சி உறுப்பினர், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

 

நம் பக்கத்தில் தென்னந்தோப்பை ஒட்டிய வீடுகள் சிலவற்றின் பின்புறம் சிறு குளம் ஒன்று உண்டு. மாடு குடிப்பதும், செடிக்கு இறைப்பதும், நாலு மீன் வளர்ப்பதும் அதிலேதான். அது பச்சை பூத்துவிட்டால், "என்ன மருந்து போடலாம்?" என்று கேட்கிறார்கள். மருந்தைத் தேடுமுன் காரணத்தைத் தேடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

கண்ணாடிக் குவளையில் நீரை முகந்து ஓர் இரவு அசையாமல் வையுங்கள். அடியில் வண்டல் படிந்து நீர் தெளிந்தால், அது மண் கலங்கல். நம் முன்னோர் குடத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்துத் தெளிய வைத்தது இதனையே. கரையில் புல் வளர்த்து மண் அரிப்பைத் தடுத்தால் இது குறையும். பசுமை மாறாமல் நின்றால், அது பாசி.

பாசிக்கு வேண்டியவை வெயிலும் உரமும். தொழுவக் கழிவு, சோப்பு நீர், வயலிலிருந்து வழியும் உரநீர், உதிர்ந்த சருகு இவற்றிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் பயிரைப் போலவே பாசியையும் வளர்க்கின்றன. பகலில் பிராணவாயுவை வெளிவிடும் பாசி, இரவில் அதனை உட்கொள்கிறது. ஆகையால்தான் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. சில வேளை செத்தும் மிதக்கின்றன.

மயில்துத்தம் இட்டால் பாசி விரைவில் மடியும். ஆனால் அத்தனையும் ஒருங்கே அழுகி, நீரிலுள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடும். அளவு மிஞ்சினால் துத்தமே மீனுக்கு நஞ்சாகும். உரம் அங்கேயே கிடப்பதால் பாசியும் திரும்ப வரும்.

செய்யத்தக்கவை இவை. குளத்தைச் சுற்றி ஒரு முழ உயரம் வரப்பிட்டுக் கழிவுநீரைத் தென்னைக்குத் திருப்புங்கள். நூல்பாசியைச் சிறிது சிறிதாக வாரிக் குப்பைக்குழியில் சேருங்கள். கோடையில் நீர் வற்றியதும், தென்மேற்குப் பருவமழைக்கு முன்பாக, அடிச்சேற்றை அள்ளித் தோப்பில் பரப்பிக் குளத்தைக் காயவிடுங்கள். மீனுக்கு மிகுதியாகத் தீனி இடாதீர்கள். முழங்கை வரை கையை நீரில் விட்டுப் பாருங்கள். உள்ளங்கை தெரியாத அளவு பசுமை அடர்ந்திருந்தால் தீனியையும் சாணத்தையும் நிறுத்துங்கள். நீலப்பச்சை ஏடு படிந்த நீர் நஞ்சாகவும் இருக்கக்கூடும், கால்நடைக்குக் காட்டாதீர்கள்.

உறுப்பினர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. தெருச் சாக்கடை குளத்தில் விழாமலும், குடிநீர்க் கிணற்றருகேயுள்ள குளங்களில் தேங்காய்க் கதம்பை ஊறப்போடாமலும் காக்க வேண்டும். ஒரு வீட்டார் வரப்பிட்டு, மேல்வீட்டார் கழிவை விட்டால் பயன் என்ன? அண்டை வீட்டாரும் கூடி முயன்றால் குளம் தெளியும்.